வெதுவெதுப்பான தொட்டி

என்னவருக்கு,

தொட்டி வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள். உங்களுக்குக் குளிர் ஆகாது என்று எனக்குத் தெரியாதா?

உங்கள் இடுப்பில் வைத்த உலோக மூட்டுக்கு எலும்பைப் போலவே பூச்சு வளர்த்துக் கொடுத்தவள் நான். உடம்பு அதைத் தன்னுடையது என்று நம்ப வேண்டும். அதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. உங்கள் உடம்பும் நம்பியது. மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறிப் போய்க் கேலி செய்வீர்கள்.

மாரடைப்பு வந்து எல்லாம் முடிந்தபின், அந்த மூட்டு மட்டும், பூச்சு எப்படி ஒட்டியிருக்கிறது என்று சோதிக்க, எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே திரும்பி வந்தது. "காயவச்சு அறுத்துப் பாத்துடும்மா" என்றார் மேலாளர். எனக்குக் கை வரவில்லை. அவருக்கு வேறொன்றை அறுத்துக் கொடுத்துவிட்டு, உங்களுடையதை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரத்தத்தின் உப்புகள் கலந்த பூச்சுத் திரவத்தில் போட்டேன்.

வழக்கமாகப் பூச்சு மயிரிழை கனத்தோடு நின்றுவிடும். இது நிற்கவில்லை. உலோகம் முடிந்த இடத்தையும் தாண்டி வெள்ளையாக இறங்கியது. இன்று முழங்கால் தெரிகிறது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தீர்களே, எலும்பில் பட்ட அந்தப் பள்ளத்தோடு.

"எதுக்கும்மா இவ்ளோ பெரிய தொட்டி?" என்று கேட்டார் கடைக்காரர். ஆறடி வேண்டும் என்று மட்டும் சொன்னேன். காலை மடக்கிப் படுத்தால் உங்களுக்குத் தூக்கம் வராதே.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி