பன்னிரண்டடிச் சுவர்

ஜனவரி 3, வெள்ளி

சர்ச்சில் புத்தாண்டு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டை, இந்த ஆண்டு என் எல்லைகள் விரிவாகும் என்கிறது. பிப்ரவரி கடைசியில் ஆறு அறை வீட்டிலிருந்து எழுநூற்று நாற்பது சதுர அடிக்குப் போகிறோம். அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். ஃபிரிட்ஜும் சிறியதாகப் போகிறது.

போகிற இடம் நாச்சாரம். அங்கே ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த என் கணவர் ஜெயகரன், தினமும் மாலை ஐந்து மணிக்கு அந்த இடத்தைவிட்டுத் தப்பி வந்தவர். இப்போது நிரந்தரமாகத் திரும்பப் போகிறார். மகள் ஜெமிமா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், லிஃப்ட் இருக்கிறது, அவருக்கு இரண்டு முட்டியிலும் வலி இருக்கிறது. இந்த மூன்றையும் அடுக்கி ஜெமிமாதான் முடிவெடுத்தாள். எங்களிடம் சொல்லவும் செய்தாள்.

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. நான்கு புத்தக அலமாரிகளும் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் நான் இந்தத் திருமுல்கேரி வீட்டை விட்டு நகரமாட்டேன். இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தேன். இருபத்தொன்பது வருடம் கல்லூரி நூலகராக இருந்தவளுக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை வராது.

ஜனவரி 6, திங்கள்

வரைபடம் தயார். இருபதில் ஒரு பங்கு அளவில் புது வீடு. எங்கள் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் அதே அளவில் ஒரு அட்டைத் துண்டு. கட்டில், மேசை, பீரோ, துணி துவைக்கும் இயந்திரம்கூட. கூடத்தின் பன்னிரண்டடிச் சுவரில் என் நான்கு அலமாரிகளும் தோளோடு தோள் ஒட்டி நின்றன.

"நாலும் நிக்குது பாத்தியா? ஒரு நூல் இடம் மிச்சமில்ல" என்றார். அலுவலகத்தில் பாராட்டு வாங்கிய நாட்களில் வைத்திருந்த அதே முகம்.

தாளின் வலது மூலையில் வழக்கம்போல் கட்டங்கள் போட்டிருந்தார். வரைந்தவர் கட்டத்தில் அவர் பெயர். சரிபார்த்தவர் கட்டம் காலி. வரைந்தவனே சரிபார்க்கக் கூடாது, தொழிற்சாலைச் சட்டம் என்றார். அப்படியானால் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன்.

"இப்ப என்ன அவசரம்" என்று தாளைச் சுருட்டிவிட்டார்.

ஜனவரி 8, புதன்

ஜெமிமா வந்தாள். "மம்மி, இத்தனை புக்ஸ் கைக்கு? எல்லாம் போன்லயே கிடைக்குது." 'கைக்கு' என்றால் இந்த ஊர் உருதுவில் 'எதற்கு'. உன் முகம்கூடப் போனில் தெரிகிறது, அதற்காக உன் பக்கத்தில் வீடு வாங்காமல் இருந்தோமா என்று கேட்டேன். டாடியைப் பார்த்தாள். டாடி கூரையைப் பார்த்தார்.

ஜனவரி 13, திங்கள். போகி

தாளில் நிற்கிற அலமாரி காலில் இடிக்காது. அதனால் கூடத்தை நிஜ அளவில் தரையில் வரைந்து காட்டுங்கள் என்று மூன்று நாளாகக் கேட்டேன். "முட்டி வலிக்கி" என்றார். இன்று அவர் பிசியோதெரபிக்குப் போன நேரம் நானே இறங்கினேன். பக்கத்து வீட்டுப் புஷ்பாவிடம் முக்குப் பொடி வாங்கிக்கொண்டேன். நம் கோலமாவுக்கு இங்கே தெலுங்கில் அதுதான் பெயர். கார் விற்றபின் காலியாகக் கிடக்கும் சிமெண்ட் தரையில் கூடம், சமையலறை, குளியலறை, வாசல் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து போட்டேன். பிறகு உள்ளே போய் அலமாரியின் அகலத்தை அளந்து வந்து, அதையும் போட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது குளியலறைக்குள் போய் நின்றது.

என் புத்தகங்களில் சிலவற்றுக்கு அது பொருத்தமான இடம்தான். இருந்தாலும் மறுபடி அளந்தேன். அலமாரி நாலடி. சுவர் பன்னிரண்டு. உள்ளே போய் வரைபடத்தை விரித்து, அட்டைத் துண்டில் ஸ்கேலை வைத்தேன். மூன்றடிக்கு உரிய அளவுதான் இருந்தது. நான்கு துண்டும் அப்படியே. கட்டில் சரி. மேசை சரி. பீரோ சரி. என் அலமாரிகள் மட்டும் —

இந்த மனுஷனா? வார்ப்பு தப்பாப் போச்சு, வரைபடத்துல ரெண்டு மில்லிமீட்டர மாத்திக்குடுன்னு மேனேஜர் கேட்டப்போ முடியாதுன்னு சொல்லி, புரமோஷனையே விட்ட மனுஷனா? அந்தக் கதைய நாலு கல்யாண வீட்டுல நானே பெருமையாச் சொல்லியிருக்கேனே. எனக்காக ஓர் அடியா? நாலு தடவையா?

வெளியே வந்தால் புஷ்பா நின்றுகொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் முதல்முறையாக இந்தக் கிறிஸ்தவ வீட்டு வாசலில் சங்கராந்தி முக்கு. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "கொத்த டிசைனா, ஆன்ட்டி?" என்றாள். ஆமாம், புது டிசைன்தான், டபுள் பெட்ரூம் என்றேன். அவள் வீட்டுக்குப் போய்ச் சாணி உருண்டையில் சாமந்திப்பூ செருகிக் கொண்டுவந்து என் சமையலறையின் நடுவில் வைத்தாள். கிரகப்பிரவேசம் முடிந்தது.

ஜெயகரன் மதியம் திரும்பினார். கேட்டிலிருந்து நேராக வராமல், நான் வரைந்த வாசல் வழியாகக் கூடத்துக்குள் நுழைந்து, சுவர் எதையும் மிதிக்காமல் சுற்றி வந்தார். முட்டிவலிக்காரர் நிதானமாகத்தான் நடப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

கேட்கவில்லை. கேட்டால் தலையைக் குனிவார். நாற்பத்தொரு வருடத்தில் நான் பார்க்காத காட்சி அது. இனியும் பார்க்க விருப்பமில்லை.

ஜனவரி 17, வெள்ளி

நூலகர் புத்தி. அட்டைத் துண்டுகளை எண்ணினேன். இருபத்து மூன்று. வீட்டில் இருப்பவற்றோடு ஒப்பிட்டேன். ஒன்று குறைகிறது. ஜன்னலோரம் நிற்கும் அவருடைய டிராயிங் போர்டு. ஓய்வுபெற்ற அன்று தொழிற்சாலையில் தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கி, ஆட்டோவில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் தினமும் காலையில் அதன்முன் உட்கார்ந்துதான் காப்பி குடிக்கிறார்.

போர்டு எங்கே போகிறது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் காலத்துல அது எதுக்கு? பழைய சாமான்காரன் வந்தா சொல்லு." செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. தாள் தலைகீழாக இருந்தது என்று எழுத ஆசை. நேராகத்தான் இருந்தது. பக்கம்தான் புரளவேயில்லை.

போர்டின் அகலத்தை அளந்தேன். நாலடி. பன்னிரண்டில் நாலு போனால் எட்டு. எட்டு என்றால் இரண்டு அலமாரி. இதற்கு வரைபடம் தேவையில்லை.

ஜனவரி 20, திங்கள்

காலைச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். எனக்குப் புத்தகங்கள் சலித்துவிட்டன. இரண்டு அலமாரி போதும்.

இட்லி பாதியில் நின்றது. "நாலுக்கும் இடம் இருக்குல்லா, சுந்தரி. பிளான்ல பாத்தேல்லா?"

பார்த்தேன், அழகான பிளான் என்றேன். இடம் இருப்பதாலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டேன். இல்லாத இடத்துக்காக அவர் அரைமணி நேரம் வாதாடினார். சென்டிமீட்டர் கணக்கோடு. நான் கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு இட்லி வைத்தேன். அதையும் சாப்பிட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பிரிக்கிற வேலை தொடங்கியது. மூன்று குவியல்: படித்தவை, படிக்காதவை, படித்ததாகச் சொல்லிக்கொண்டவை. மூன்றாவதுதான் உயரம்.

பிப்ரவரி 5, புதன்

சமையல் புத்தகங்கள் ஒன்பதையும் கொடுக்கும் குவியலில் வைத்தேன். ஜெயகரன் அவற்றில் ஒன்றை எடுத்து, ஒருமுறையாவது பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாமே என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு புத்தகத்தைத் திறந்தேன். அவ்வளவுதான், நாள் போய்விட்டது.

பிப்ரவரி 19, புதன்

ஹம்ஸினி வேனோடு வந்தாள். ஒரு காலத்தில் என் கல்லூரி மாணவி. புத்தகத்தை நாலு மாதம் வைத்திருந்ததற்காக, இனி நூலகப் பக்கம் வராதே என்று அனுப்பியிருக்கிறேன். இப்போது பெண்கள் விடுதி ஒன்றின் வார்டன். இரண்டு அலமாரிகளும் அறுநூற்றுச் சொச்சம் புத்தகங்களும் அவளோடு போயின. எப்போது திருப்பித் தர வேண்டும், மேடம் என்றாள். குறும்புக்காரி. நாலு மாதம் கழித்து வந்து பார்க்கிறேன் என்றேன்.

அலமாரிகள் நின்ற இடத்தில் சுவர் வெளுப்பாக இருக்கிறது. மூன்று தடவை அந்தப் பக்கம் போனேன். வேலை எதுவும் இல்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

லாரி வந்தது. முதலில் டிராயிங் போர்டை ஏற்றச் சொன்னேன். "இத யாரு ஏத்தச் சொன்னது?" என்று வாசலுக்கு வந்தார். பழைய சாமான்காரன் வரவேயில்லை, என்ன செய்வது என்றேன். நான் அவனைக் கூப்பிடவேயில்லை. அவரும் கூப்பிடவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

புஷ்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த சங்கராந்திக்கு யார் அப்படி முக்குப் போடுவார்கள் என்று கேட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் போர்டின்முன் உட்கார்ந்தவர் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டடிச் சுவரில் இரண்டு அலமாரி, பக்கத்தில் போர்டு, ஜன்னல் வெளிச்சம் அவருக்கு இடப்பக்கமிருந்து. காப்பி கொண்டுபோனேன். வீட்டைப் புதிதாக வரைந்திருந்தார். பழைய தாளைக் காணோம். மூலையில் கட்டங்கள். வரைந்தவர், அவர் பெயர். சரிபார்த்தவர் கட்டம் காலி.

தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாத்ரூமுக்குள்ள அலமாரி நின்னத நானும் போகியன்னைக்கே பாத்துட்டேன், சுந்தரி."

பென்சிலை என் பக்கம் நீட்டினார். விரல் காலிக் கட்டத்தில் இருந்தது.

பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டேன். போய் டேப்பை எடுத்து வந்து, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன்.

"கெட்டியாப் பிடிங்க" என்றேன். பிடித்துக்கொண்டார்.