மூலையில் எழுதிய பெயர்

ஜூலை 2

இன்று ஒரு மவுஸைச் சுவரில் எறிந்து உடைத்தேன். பதினாறு ஆசிரியர்கள் முன்னால்.

பள்ளியின் வடக்குக் கட்டடம் மழையில் சரிந்து விழுந்ததிலிருந்து மொத்தப் பள்ளிக்கும் பூட்டு. இந்த வருடம் முழுக்க இணையத்தில்தான் பாடம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பயிற்சி. சொல்லிக்கொடுப்பவள் எங்கள் கணினி டீச்சர். நான் வேலையில் சேர்ந்த வருடம் பிறந்திருப்பாள். வகுப்புக்கென்று ஒரு பக்கம் தொடங்க வேண்டுமாம். அதில் பிள்ளைகளும் பெற்றோரும் உறுப்பினர்கள். பதிவு போடலாம், கீழே கருத்து எழுதலாம், நேரலையில் பாடம் எடுக்கலாம். நான் அழுத்திய இடத்தில் எதுவும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வேறு என்னவோ வந்தது.

"கொஞ்சம் மெதுவா டீச்சர், அது பாவம்" என்றாள்.

அவ்வளவுதான். எறிந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அவர் சிரித்தார். "கணக்கு டீச்சருக்கு மவுஸ் எதுக்கு, மைக்தான் எதுக்கு? நீ ஜன்னலைத் திறந்து வச்சுப் பேசினா நாப்பத்தோரு வீட்டுக்கும் கேக்குமே." இருபது வருடமாக என்னுடன் வாழும் மனிதர். பம்பு பழுது பார்ப்பவர். அவர் கை எதையும் உடைத்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 7

முதல் நேரலை. பத்தாம் வகுப்பு. திரையில் நாற்பது முகம், ஒரு கறுப்புக் கட்டம்.

அந்தக் கட்டத்துக்குரியவள் கேமராவைத் திறக்கவே இல்லை. பெயர் கூப்பிட்டால் குரலும் இல்லை. எழுதும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறாள். 'இருக்கிறேன்' என்று அர்த்தமாம். எனக்குப் புள்ளி வைக்கிறாள்! இனி அவள் பெயர் புள்ளிதான்.

வகுப்பில் என்றால் இந்நேரம் மர ஸ்கேல் பேசியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக என் கையில் அது இருக்கிறது. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'இடி' என்பது தெரியும், உள்ளூரப் பெருமைதான். அடியாத மாடு படியாது. என்னையும் அடித்துத்தான் வளர்த்தார்கள், நான் கெட்டா போனேன்?

ஜூலை 9

இன்றும் புள்ளி. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 11

பயிற்சி, இரண்டாம் சுற்று. மறக்காமல் இருக்க எழுதிக்கொள்கிறேன்.

நேரலை தானாகவே பதிவாகும். பிறகு முன்னால், பின்னால் வேண்டாததை வெட்டிவிடலாம். ஒரு பிள்ளையின் பெயர்மேல் அழுத்தினால் மூன்று வரி வரும்: மைக்கை மூடு, கேமராவை மூடு, வெளியேற்று. வெளியேற்றிவிட்டால் நாம் அனுமதிக்கும்வரை திரும்ப வர முடியாது. இது நல்ல வசதி. வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தால் ஜன்னல் வழியாகப் பல்லைக் காட்டுவார்கள். இதில் அதுவும் முடியாது.

பதிவில் ஒருவர் பெயரை இணைத்தால் அவர் போனில் மணி அடிக்கும். பெற்றோரையும் இணைக்கலாம்.

கேமரா திறக்காத பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டேன்.

"சில வீட்ல காரணம் இருக்கும் டீச்சர். தனியா ஒரு செய்தி போட்டு விசாரிங்க."

"காரணம்னா? சோம்பேறித்தனமா?"

அவள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பிள்ளைகளைக் கண்டிக்கத் தெரியவில்லை.

ஜூலை 14

கற்றதைப் பயன்படுத்தினேன்.

கரும்பலகையின் வலது மூலையில் வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் பெயரை எழுதுவது என் பழக்கம். மணி அடிக்கும்வரை அந்தப் பெயர் அங்கே நிற்கும். நின்றால் போதும், அடுத்த நாள் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். இன்று வகுப்புப் பக்கத்தில் அதே மூலையைத் திறந்தேன். 'ஒரு வாரமாகக் கேமரா இல்லை, கணக்கு இல்லை, வாயும் இல்லை' என்று எழுதி, புள்ளியின் பெயரைப் போட்டு, அவள் அப்பாவையும் இணைத்தேன்.

பத்து நிமிடத்தில் அவர் கருத்து எழுதிவிட்டார். வெல்டர் அவர். 'நான் பார்த்துக்கொள்கிறேன் டீச்சர்.'

இப்படி ஒரு தகப்பன் இருந்தால் ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் கருத்துக்கு ஒரு இதயம் போட்டேன். சிவப்பாக ஒட்டிக்கொண்டது. இந்த வாரத்தில் நான் முதல்முறை சரியாக அழுத்தியது அதுதான்.

ஜூலை 15

எழுத வேண்டும். வரிசையாக எழுது. கணக்கு எழுதுவது போல ஒவ்வொரு வரியாக எழுது.

ஒன்பதரைக்கு வகுப்பு. இன்று கேமரா திறந்திருந்தது. புள்ளியை முதல்முறையாக முகத்தோடு பார்த்தேன். மூக்குக்கண்ணாடி, இறுக்கிப் பின்னிய சடை. காதுக்குக் கீழே கறுப்பாக இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டு அவள் அப்பா. அம்மா காலை ஷிப்ட் போய்விடுவாளாம்.

இருபடிச் சமன்பாடு. அவளை எழுப்பிக் கேட்டேன். வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டேன். எழுதும் இடத்தில் ஒரு புள்ளி வந்தது. அப்பா பக்கத்தில் இருக்கும்போதே! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நாற்பது பேர் முன்னால் சொன்னேன். என்ன சொன்னேன் என்று அப்படியே எழுது.

"சார், உங்க கையால நாலு வைங்க. அப்பத்தான் இதுக்கெல்லாம் புத்தி வரும்."

வைத்தார்.

முதல் அடி கன்னத்தில். உண்மையை எழுது — முதல் அடிக்கு நான் எதுவும் சொல்லவில்லை. சரிதான் என்று நினைத்தேன். இரண்டாவதுக்கு "போதும் சார்" என்றேன், பாடத்துக்கு நேரமாகிறது என்கிற குரலில். மூன்றாவது கையால் இல்லை. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார், கொக்கி இருக்கிற பக்கம் வெளியே. நான் கத்தினேன். அவர் அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டார் போல. எங்களுக்கு அங்கே நடப்பது கேட்டது, எங்கள் சத்தம் அங்கே போகவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் என் சத்தம் எட்டாமல் போனது இன்றுதான்.

சடையைப் பிடித்து மேசையில் மோதினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. மற்றக் கட்டங்களில் பிள்ளைகள் அலறுகிறார்கள். ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். ஒருவன் "விடுங்க அங்கிள், விடுங்க" என்று திரையை அடிக்கிறான்.

பிள்ளைகள் காதில் அந்தச் சத்தம் விழக் கூடாது என்றுதான் — அதுதான் அந்த நேரத்தில் தோன்றியது — மைக்கை மூடலாமென்று அவள் பெயர்மேல் அழுத்தினேன். மூன்று வரி வந்தது. மூன்றாவதை அழுத்திவிட்டேன்.

வெளியேற்று.

அவள் கட்டம் போய்விட்டது. மற்றக் கட்டங்கள் நகர்ந்து அந்த இடத்தை மூடிக்கொண்டன. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள் மட்டும்தான், அதையும் நானே மூடினேன். அய்யோ, நான் என்ன பண்ணிட்டேன். என்ன பண்ணிட்டேன்.

சேர்க்கைப் பதிவேட்டில் விலாசம் இருந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன். போகிற வழியெல்லாம் போலீசுக்குப் போன் அடித்தேன். பதினான்கு நிமிடம். பதினான்கு நிமிடத்தில் எத்தனை அடி விழும்? கணக்கு டீச்சர் போட்டுப் பார்.

கதவைத் தட்டினோம். வெல்டரே திறந்தார். துண்டில் கை துடைத்துக்கொண்டே, நிதானமாக, மரியாதையாக நின்றார்.

"நீங்க சொன்னதுதானே டீச்சர்?"

என் ஹெல்மெட் கையில் இருந்தது. அதாலேயே மூக்கில் அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. கீழே விழுந்தவரை மறுபடி அடித்தேன், வாயில். மூன்றாவதுக்கு ஓங்கும்போது என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டார். "போதும்மா, செத்துடுவான், போதும்." பிடிக்காமல் இருந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன். எனக்கு அது நன்றாக இருந்தது. அதையும் எழுது. அடிக்க நன்றாக இருந்தது.

புள்ளி சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்தாள். ஒரு காது கிழிந்து தொங்கியது. இடது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. காப்பாற்ற வந்தவள் நான் என்று நினைத்துக் குனிந்தேன்.

என்னைப் பார்த்ததும் இன்னும் உள்ளே ஒடுங்கினாள்.

ஜூலை 16

மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். காதில் ஒன்பது தையல். அம்மா பேக்கரி உடுப்போடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மாடிப்படியில் விழுந்தாள் என்கிறாராம் வெல்டர். வகுப்புப் பெற்றோர் ஒருவரும் பிள்ளையைச் சாட்சி சொல்ல விடமாட்டோம் என்கிறார்கள். வம்பு எதுக்கு டீச்சர் என்கிறார்கள். என்மேலும் ஹெல்மெட்டுக்காக ஒரு புகார் இருக்கிறது. விசாரிக்க வந்த பெண் அதிகாரி கடைசியாகக் கேட்டாள். "நேரலை பதிவாகுமே, இருக்கா?"

இருக்கிறது என்றேன். நாளை மறுநாள் தர வேண்டும்.

ஜூலை 17

தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அந்த ஆள் அடிச்சது மட்டும் இருந்தா போதாதா? அதுக்கு முன்னாடி நீங்க பேசினது எதுக்கு? உங்க வேலை போகும். பள்ளிக்கூடம் பேரு போகும். பொண்ணுக்கு அதனால என்ன லாபம்?"

நியாயமாகத்தான் பேசினார். கெட்ட மனிதர் இல்லை.

வெட்டுவது எப்படி என்று ஜூலை 11 குறிப்பைப் பார்த்தேன். முன்னால் இழு, நிறுத்து, தனிப் பிரதியாகச் சேமி. இரண்டு நிமிட வேலை. இப்போது பதிவு வெல்டர் கை ஓங்குவதில் தொடங்குகிறது. நான் அதில் இல்லவே இல்லை. "போதும் சார்" என்கிற குரல் மட்டும் வருகிறது. நல்ல டீச்சர் மாதிரி.

மவுஸ் ஒரு தடவைகூடத் தகராறு செய்யவில்லை.

ஜூலை 18

காலையில் கொடுப்பதற்கு முன் முழுப் பதிவையும் ஒரு தடவை பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை. ஏற்கெனவே நான்கு தடவை பார்த்ததுதான். நான்கு தடவையும் என்னைப் பார்த்திருக்கிறேன், அவரைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை அவளைப் பார்த்தேன்.

"உங்க கையால நாலு வைங்க" என்று நான் சொல்லி முடிக்கிறேன். அவர் இன்னும் அசையவில்லை. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறாள். அவசரமே இல்லை. இரண்டு காம்பையும் மடக்குகிறாள். மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளே ஒரு துணிமேல் வைத்து மூடுகிறாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கண்ணாடிக்கு அங்கே ஒரு துணி விரித்தே இருக்கிறது. எத்தனை நாளாக?

நான் வெட்டிய பகுதியில் இது போய்விட்டது. மாடிப்படியில் விழப்போகிற பெண் யாராவது முதலில் கண்ணாடியைக் கழற்றி வைப்பாளா? இது பல நாளாக நடப்பது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இது வேண்டுமென்றால் என் குரலும் வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நடுவில் வெட்ட இடமில்லை.

முழுசாகக் கொடுத்தேன். அந்த அதிகாரி என் எதிரிலேயே ஓடவிட்டுப் பார்த்தாள். என் குரல் வந்த இடத்தில் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மர ஸ்கேலை முழங்காலில் வைத்து உடைக்கப் பார்த்தேன். உடையவில்லை. முழங்கால் கன்றிப்போனதுதான் மிச்சம். இத்தனை கெட்டியானதா பிள்ளைகள் உள்ளங்கையில் விழுந்தது?

ஜூலை 24

பணியிடை நீக்கம். கடிதத்தை என் வீட்டுக்காரர்தான் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 6

என் குரல் மட்டும் உள்ள துண்டு போன் போனாகப் போகிறதாம். 'நாலு வைங்க டீச்சர்' என்று எனக்குப் புதுப் பெயர். கறிகாய்க் கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். கை எழும்பியது. இறக்கிக்கொண்டேன். பழைய மாணவன் ஒருவன் தன் புருவத் தழும்பைப் படம் எடுத்து இணையத்தில் என் பெயரோடு போட்டிருக்கிறான். டஸ்டர் பட்ட தழும்பு. எறிந்த நாள் எனக்கு ஞாபகம்கூட இல்லை. அவனுக்கு அந்த நாளின் தேதியே தெரிகிறது.

கெட்டா போனேன் என்று ஜூலை 7 அன்று கேட்டிருக்கிறேன். ஆமாம், போயிருக்கிறேன்.

ஆகஸ்ட் 29

வெல்டருக்கு ஜாமீன் மறுத்துவிட்டார்கள். அம்மாவும் புள்ளியும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள், வேறு ஊரில்.

செப்டம்பர் 10

புள்ளியின் அம்மா போன் செய்தாள். நான் வணக்கம் சொல்வதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டாள்.

"மன்னிப்புக் கேக்காதீங்க, எனக்கு வேண்டாம். புதுப் பள்ளிக்கூடத்துல கணக்குக்கு ஆள் இல்ல. பரீட்சை வருது. நீங்க சும்மாத்தானே இருக்கீங்க?"

"சொல்லித் தரேம்மா."

"அவதான் கேக்கச் சொன்னா. ஆனா உங்க மூஞ்சி வேணாமாம். கேமராவை மூடிக்கணுமாம். சத்தமாவும் பேசக் கூடாதாம்."

சரி என்றேன். மூன்றுக்கும் சரி என்றேன்.

செப்டம்பர் 15

கணினி டீச்சர் வந்து எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாள். பெற்றோரை இணைக்கும் இடத்தை அவளே மூடினாள். நான் கேட்காமலே மூன்றாவது வரி எங்கே இருக்கிறது என்று மறுபடி காட்டினாள்.

நான்கு மணிக்குத் திறந்தேன். அந்தப் பக்கம் கறுப்புக் கட்டம். இந்தப் பக்கமும் கறுப்புக் கட்டம். மெதுவாகப் பேசிப் பேசித் தொண்டை வலிக்கிறது. கத்தும்போது ஒரு நாளும் வலித்ததில்லை. ஒரு சமன்பாட்டைப் படிப்படியாக எழுதிக் காட்டி, அடுத்ததை நீ போடு என்றேன்.

ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். அங்கே யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. கேட்கக் கூடாது என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து, எழுதும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

பதினோராவது நிமிடத்தில் அங்கிருந்தும் ஒன்று வந்தது.