வாசிக்காமல் விட்ட நான்கு பந்திகள்

என் காதில் விழுந்த ஒரு சத்தத்தை, விழவில்லை என்று உன்னிடம் ஏன் சொன்னேன்? இதற்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தபிறகு எழுதலாம் என்று ஆறு மாதம் காத்திருந்தேன். இனித் தெரியப்போவதில்லை என்று தோன்றுவதால் இப்போது எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை உன் குளிர்கோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். உள்பையில் நீ சொன்னபடியே அந்தப் பத்திரிகைத் தாள் இருந்தது. எட்டாக மடித்து, மடிப்புகள் நைந்து, பழுப்பேறிய தாள். விரித்ததும் பைப் புகையிலை மணம் அறையில் பரவியது. நீயும் புகைத்ததில்லை, நானும் இல்லை. பைப் புகைத்த கீழ்வீட்டு ஸ்பானியப் பெரியவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காகிதம் மணத்தை நெடுநாள் வைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

நாம் இருவரும் பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்த முதல் குளிர்காலத்தில், நடைக்கூடத்தில் அவர் உன்னை நிறுத்தி ஒரு தபால் கட்டை நீட்டினார். கண்புரை முற்றிவிட்டது, வாசித்துச் சொல்ல முடியுமா என்று உடைந்த பிரெஞ்சில் கேட்டார். உனக்கு அப்போது ஸ்பானிஷில் ஒரு சொல் தெரியாது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நாளெல்லாம் ரத்தம் சோதித்துவிட்டு வருகிறவள், சரி என்று சொல்லிவிட்டு மேலே வந்தாய்.

"தெரியாத பாஷையை எப்படி வாசிப்பே?"

"எழுத்து இங்கிலிஷ் எழுத்துத்தானே. நான் சத்தம் போடுறன், அவர் விளங்கிக்கொள்ளுவார். நீர் ஏன் காணும் கவலைப்படுறீர்?"

நீ என்னை 'நீர்' என்று அழைக்கும்போதெல்லாம் ஏதோ ராஜா நாடகத்தில் மாட்டிக்கொண்டதுபோல எனக்குச் சிரிப்பு வரும். யாழ்ப்பாணத்தில் சமமானவர்களை அப்படித்தான் அழைப்போம் என்று விளக்கினாய். சென்னைக்காரிகளுக்கு மரியாதை தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டாய்.

அந்தக் கட்டுக்குள் இருந்தவை அவருடைய தங்கை ஊரிலிருந்து அனுப்பும் விளையாட்டுப் பத்திரிகைகள். ஸ்பெயினின் வடகரைத் துறைமுக நகரம் ஒன்றின் கால்பந்துக் கழகத்தைப் பற்றிய பக்கங்கள் மட்டும். ஆட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்தே அவை வந்து சேரும். பெரியவருக்கு அது பொருட்டில்லை. நீ வாசிக்கும்போதுதான் அவருக்கு ஆட்டம் நடந்தது. அதற்குமுன் முடிவை யாரும் சொல்லிவிடக் கூடாது. இரண்டு வாரம் பின்தங்கிய ஞாயிற்றுக்கிழமைகளிலேயே அவர் வாழ்ந்தார்.

மூன்று மணிக்கு நீ கீழே இறங்குவாய். நான் மேலே மாணவர்களின் தேர்வுத்தாள்களைத் திருத்துவேன். வாசிப்பதற்குமுன் அவர் கழகத்தின் கதையை ஒருமுறை முழுக்கச் சொல்லியாக வேண்டும். என் தரைக்கு அடியிலிருந்து அந்தக் குரல் ஏறி இறங்கும். சுரங்க இரும்பை ஏற்ற வந்த ஆங்கிலேயக் கப்பற்காரர்கள் துறையில் பந்து உதைத்ததையும், உள்ளூர்த் தொழிலாளிகள் அவர்களோடு சேர்ந்து கழகம் அமைத்ததையும் சொல்லுவார் என்று நீ மேலே வந்து எனக்குச் சொன்னாய். முதல் கோப்பையைப் படகில் ஏற்றி ஆற்று வழியே கொண்டுவந்தபோது, கரையில் நின்றவர்களில் அவரும் ஒரு குழந்தையாம், தகப்பனின் தோளில். பிறகு உள்நாட்டுப் போர். மைதானத்தில் ராணுவ லாரிகள். பாதி ஆட்டக்காரர்கள் போர்முனையில், மீதிப்பேர் பிரான்சில். வென்றவர்கள் வெளிநாட்டுச் சொற்களுக்குத் தடை போட்டார்கள். கழகத்தின் ஆங்கிலப் பெயரும் அதில் போயிற்று. அதன்பிறகு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள், ஏறினார்கள், மறுபடி இறங்கினார்கள்.

நான் ஒருநாள் பல்கலைக்கழக நூலகத்தில் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. போர் நடந்த ஆண்டில் வென்றதாக அவர் சொன்ன கோப்பை எந்தப் பட்டியலிலும் இல்லை. உன்னிடம் சொன்னேன்.

"பட்டியல் எழுதினது ஆர்? வெண்ட ஆக்கள்தானே," என்றாய். "அவர் கண்ணால கண்டவர். உம்முடைய புத்தகம் எதைக் கண்டது?"

அந்தப் பெயர் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். பத்திரிகையில் புதுப்பெயர் அச்சாகியிருந்தாலும் நீ பழைய பெயரைத்தான் வாசிக்க வேண்டும். ஒருமுறை அச்சில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டாய். கைத்தடியால் அவர் தரையில் அடித்த அடியில் என் மேசைமேல் தேநீர் தளும்பியது. மற்ற நாட்களில் தடிக்கு வேறு கணக்கு. கழகம் கோல் போட்டால் ஒரு தட்டு. எதிரணி போட்டால் இரண்டு. மேலே உட்கார்ந்தபடியே எனக்கு ஆட்டத்தின் முடிவு தெரிந்துவிடும்.

அவருடைய கடைசி வசந்தத்தில் கழகம் இரண்டாம் டிவிஷனில் இருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்தை வென்றால் மேலே ஏறலாம். சமன் போதாது. அந்தப் பத்திரிகை வருவதற்குள் போய்விடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"வாசிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்," என்று நீ ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாய். "அவர் இருந்தாலும் இல்லாட்டியும் அந்தக் கடைசி ஆட்டத்தை அவரின்ர வீட்டில வைச்சு வாசிக்கிறன் எண்டு."

மே மாதத்தில் அடக்கம் செய்தோம். தடியையும் பெட்டிக்குள் வைத்தோம். ஜூன் நடுவில் கட்டு வந்தது. அவர் வீட்டுக்கான வாடகை ஒப்பந்தம் மாதக் கடைசிவரை இருந்ததால் சாவி உன்னிடம் இருந்தது. சாமான்களை எல்லாம் எடுத்தாகிவிட்டது. "தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு, நீரும் வாரும்," என்றாய். வந்தேன். வெறும் அறை. சுவரில் நாற்காலி உரசிய தடம். பாதி நிலத்துக்குள் இறங்கிய வீடு அது. தரைக்குக் கீழே சிமெண்டும் மண்ணும்தான்.

நீ நடுவில் நின்று கழகத்தின் கதையை முதலிலிருந்து சொன்னாய், அவர் சொன்ன வரிசையிலேயே. பட்டியலில் இல்லாத கோப்பையையும் விடவில்லை. பிறகு வாசித்தாய், அவரிடமே கற்ற ஸ்பானிஷில், பந்திக்குப் பந்தி (பத்தியை நீ அப்படித்தான் சொல்லுவாய்) எனக்குத் தமிழில் விளக்கிக்கொண்டே. இடைவேளைக்குமுன் எதிரணி ஒரு கோல். நீ நிறுத்தினாய். இரண்டு தட்டு வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அடுத்த பந்தியைத் தொடங்கினாய். வாக்கியத்தின் பாதியில், நம் காலுக்கு அடியில், தெளிவாக ஒரு தட்டு.

நீ தாளைப் பார்த்தாய். கண் அடுத்த வரிக்கு இறங்கியது.

"அடுத்த வரியில கோல் கிடக்கு," என்றாய். "நான் இன்னும் வாசிக்கேல்லை." பிறகு என்னைப் பார்த்து, "உமக்குக் கேட்டதே?"

"எது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஹீட்டர் குழாயா இருக்கும்."

"ஜூனிலயோ?"

கொதிகலனை மே மாதத்திலேயே அணைத்துவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். எதுவும் கேட்காதவள் குழாயைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் என்ன? உன்னைப்போன்ற கூர்மையான பெண் அதைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் உன் பயம் வேறு திசையில் போயிற்று. "எங்கட அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில இப்பிடித்தான் துவங்கினது," என்று தாளை மடித்தாய். அம்மாவுக்கு இல்லாத குரல்கள் கேட்டதையும், அவர் அங்கொடை மனநல ஆஸ்பத்திரியில் இறந்ததையும் நீ எனக்கு முன்பே சொல்லியிருந்தாய். அது தெரிந்தும்தான் நான் இல்லை என்றேன்.

உன்னைத் தேற்றுவதற்காகச் சொன்னேன் என்று சில காலம் நம்பிப்பார்த்தேன். அது நிற்கவில்லை. நான் புள்ளியியல் கற்பிப்பவள். ஒரே ஒரு முறை நடந்தது எதற்கும் சான்றாகாது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவள். என் கௌரவத்துக்காகச் சொன்னேனா? அதுவும் முழுப் பதிலாகப் படவில்லை.

மிச்சத்தை நீ வாசிக்கவே இல்லை. முடிவைத் தெரிந்துகொள்ளவும் இல்லை. பெரியவரின் தங்கைக்கு எழுதிப் பத்திரிகையை நிறுத்தினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைத்தாய். "என்ன ஃபேஷன் இது?" என்று நான் கேலிகூடச் செய்தேன். "உம்முடைய பாட்டைக் கேக்காமல் இருக்கத்தான்," என்று சிரித்தாய். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நீ உன் புத்தியைச் சந்தேகித்துக்கொண்டு என் பக்கத்து அறையில் தூங்கினாய். ஒரு வார்த்தையில் அதை நான் தீர்த்திருக்க முடியும்.

போன குளிர்காலத்தில், டவுன்டவுன் ஆஸ்பத்திரியில், நீ வேலைசெய்த அதே கட்டடத்தில், என் கையைப் பிடித்துச் சொன்னாய்: "கோட்டுப் பொக்கட்டில அந்தப் பேப்பர் இருக்கு. மிச்சம் நாலு பந்தி கிடக்கு. நீர் வாசித்துவிடும்."

"எனக்கு ஸ்பானிஷ் தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாமல் இருந்தது. பெயரை மட்டும் மாத்தி வாசியும். அதில பிழை விடாதேயும்."

அப்போதும் நான் சொல்லவில்லை. நீ தூங்கியபிறகு சொன்னேன், அது கணக்கில் வராது. அந்த வாரமே நீ போய்விட்டாய். ஆகவே இங்கே, உனக்குப் பிடித்த மாதிரி சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்: எனக்கும் கேட்டது. ஒரு தட்டு. நீ அந்த வரிக்கு வருவதற்குமுன். உன் காதிலும் புத்தியிலும் எந்தக் கோளாறும் இல்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு நம் வீட்டு நடுவறையில் நின்றுகொண்டு வாசித்தேன். ஆகஸ்ட் மாதம், ஜன்னல்கள் திறந்திருந்தன. கழகத்தின் கதையை முதலில் சொன்னேன், எனக்கு நினைவிருந்தவரை. பட்டியலில் இல்லாத கோப்பை வந்த இடத்தில் ஒரு கணம் தயங்கினேன், பிறகு அதையும் சொன்னேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, பொருள் பார்த்து நான்கு பந்திகள். பெயர் ஐந்து இடங்களில் வந்தது, ஐந்திலும் மாற்றினேன். கடைசிப் பந்திக்கு முந்தியதில், ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, கழகம் இரண்டாவது கோலைப் போட்டது. மேலே ஏறிவிட்டார்கள். அந்த வரியை வாசித்துவிட்டுக் காத்திருந்தேன். தாளை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, மீண்டும் வாசித்தேன். எதுவும் கேட்கவில்லை. தெருவில் குழந்தைகள் பிரெஞ்சில் சண்டை போட்டது மட்டும்தான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. இனி எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஜூன் மாதத்து ஒற்றைத் தட்டும் என் 'இல்லை'யும்தான்.

மறுநாள் நடந்தது இது. காலையில் தபால் பெட்டியருகே, பெரியவரின் வீட்டில் இப்போது குடியிருக்கும் கிரேக்கப் பெண்ணைப் பார்த்தேன். கழகத்தைப் பற்றியோ பெரியவரைப் பற்றியோ அவளுக்கு எதுவும் தெரியாது. தங்கள் வீட்டுக்குக் கீழே யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை, மண்தான் என்றேன். ஏன் கேட்கிறாய் என்றேன். நேற்று மத்தியானம் மூன்றரை மணி இருக்கும், தரைக்கு அடியிலிருந்து யாரோ தட்டினார்கள், குழந்தை விழித்து அழுதது என்றாள். எத்தனை தடவை என்று கேட்டேன். ஒன்று என்றாள். நீங்கள் மேலேதானே இருந்தீர்கள், உங்களுக்குக் கேட்கவில்லையா என்றாள்.

இல்லை என்றேன். இந்த முறை அது உண்மை.