எனக்குத் தம்பி இல்லை

காபீமாஸ்,
மார்ச் 4

அன்புத் தம்பி நேரியோவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. தொலைபேசியில் பேசப் பயந்து, பக்கத்து வீட்டு லூர்தெஸிடம் இதைக் கொடுக்கிறேன். எல்லை தாண்டி கொலம்பியாவில் தபாலில் சேர்ப்பாள்.

நம் வெனிசுவேலா எண்ணெய் வேறு நாட்டுக் கொடி கட்டிய கப்பல்களில் திருட்டுத்தனமாகப் போகிறது என்று ஹூஸ்டனில் உட்கார்ந்து பத்திரிகைக்குச் சொன்னாயே, உன் அத்தான் ஒவேலியோ அந்தக் கப்பல்கள் கிளம்பும் துறைமுகத்தில்தான் வேலை பார்க்கிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்திருக்கக் கூடாதா? செவ்வாயன்று உளவுத்துறை ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், காபிகூடக் குடித்தார்கள். போகும்போது ஒருவன் மட்டும், "உங்க தம்பிக்கு இவ்ளோ விஷயம் யாரும்மா சொல்றது?" என்று கேட்டான். அன்றிலிருந்து ஒவேலியோவுக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அக்கா,
யூலிமார்

ஹூஸ்டன்,
மார்ச் 19

அன்புள்ள அக்கா,

அத்தான் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கப்பல்களை வானத்திலிருந்தே படம் எடுக்கிறார்கள், பார்த்ததைச் சொன்னேன். நம் எண்ணெயை யாரும் வாங்கக் கூடாதென்று தடை போடும் இந்த அமெரிக்காக்காரர்களுக்கும் நம்மேல் அக்கறை கிடையாது, எண்ணெய்மேல்தான் கண். அது எனக்கும் தெரியும். நீங்கள் இருவரும் உடனே கிளம்பி கொலம்பியா போய்விடுங்கள். துணிமணிகூட வேண்டாம்.

உன் நேரியோ

காபீமாஸ்,
ஏப்ரல் 10

நேரியோ,

உன் கடிதம் வருவதற்குள் அவரைக் கூட்டிப் போய்விட்டார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிறன்று ஆளுங்கட்சித் தலைவர் பர்ரேத்தோ இங்கே வந்து வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி கொடுத்தார். என்னை மேடையேற்றினார்கள். சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "எனக்குத் தம்பி இல்லை. நாட்டை வித்தவன் எங்க வீட்டுப் புள்ளையே இல்லை" என்றேன். தலைவர் என் தோளில் கை போட்டு, "அழாத தாயி, இனிமே நான்தான் ஒனக்குத் தம்பி" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். என்னிடம் ஒருவர் அத்தனை அன்பாகப் பேசி எவ்வளவு காலமாயிற்று! அந்த நொடி எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை உன்னிடம் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஒவேலியோ வீடு வந்தார். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து, சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறார். அடையாள அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்களால் இனி எங்கும் போக முடியாது.

லூர்தெஸும் பயந்துவிட்டாள். அவள் கொண்டுபோகும் கடைசிக் கடிதம் இது. நீ பதில் எழுதாதே. அக்கா இருக்கிறாளா என்று அங்கே யாராவது கேட்டால், இல்லை என்றே சொல். முதல் தடவைதான் நாக்கு தடுமாறும்.

யூலிமார்