முதல் பஸ்ஸில் வந்த சீர்

என் அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் அக்கா? போன இடத்தில் குளிர் எப்படி? இங்கே மார்கழி முடிந்தும் பனி விடவில்லை. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனால் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. உனக்கு அந்த வலது முழங்கால் வலி அங்கேயும் கூட வந்ததா, இல்லை உடம்போடு விட்டுவிட்டுப் போனாயா?

எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பாவாயிதான் எழுதுகிறாள். "எந்தம்பி பொண்டாட்டி அஞ்சாவது படிச்சவ" என்று நீ ஊரெல்லாம் பெருமை பேசுவாயே, அந்தப் படிப்பு இப்போதுதான் வேலைக்கு வருகிறது. நான் பேசுவது போலவே எழுது என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். எழுத்தில் போட்டால் ஒழுங்காகத்தான் போடுவாளாம்.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் இது. மகன் செல்வமும் மருமகளும் பேத்தியும் காலை பஸ்ஸில் திருப்பூருக்கு இறங்கிவிட்டார்கள். மலையேறி வரும்போது மருமகளுக்கு எழுபது வளைவில் பாதிக்கு மேல் வாந்தி. பேத்தி வளைவை எண்ணிக்கொண்டே வந்து முப்பத்திரண்டில் தூங்கிப் போனாளாம். மேலே வந்து கண் விழித்ததும், விட்டதை எண்ண வேண்டும், திரும்ப இறங்கலாம் என்று ஒரே அழுகை. நீ இருந்திருந்தால் இதை எத்தனை வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

வீடு நிறைய ஆள் இருந்தால் சந்தோசம்தான். ஆனால் அவர்கள் பஸ் ஏறினதும் எனக்கு அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. திரும்பி வந்து சுவரில் சாய்ந்தவன் வெயில் காலடிக்கு வரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள் பாவாயி. மகன் படித்தால் என்ன நினைப்பான் என்றாள். எழுது என்றேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

பொங்கலன்று சாப்பிடும்போது செல்வம் ஒரு பேச்சு எடுத்தான். அவன் வேலை செய்கிற பனியன் கம்பெனியில், வருசம் பிறந்தால் ஒவ்வொருவரும் இந்த வருசம் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்ல வேண்டுமாம். அவன் வண்டி வாங்கப் போகிறானாம். மருமகள் சொந்தமாகத் தையல் மிசின் போடப் போகிறாளாம். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று என்னைக் கேட்டான்.

"உக்காரப் போறேன் சாமி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆனால் உட்கார விடாத காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வளைவு, வாந்தி என்று எங்கெங்கோ போய்விட்டேன். என் பேச்சு எப்போதும் அப்படித்தானே.

உன்னை இதே மலையில் திருப்புலி நாட்டுக்குக் கட்டிக்கொடுத்த வருசத்திலிருந்து தைக்குத் தை பொங்கல் சீர் வந்தது. முதலில் அப்பன் சுமந்தார். அப்புறம் நான். அந்தக் காலத்தில் சாமை கொண்டு வருவோம், பிறகு பள்ளத்து வயல் பச்சரிசி. வெல்லம், மஞ்சள் கொத்து, வாழைத்தார், மேலே ஒரு சேலை. ஒரு வருசம் காட்டு வழியில் குரங்கு தாரில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? மாமா மிச்சத் தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொரங்கு எப்படா எனக்குப் பங்காளியாச்சு?" என்று கேட்டார். நீ சிரித்துச் சிரித்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாய்.

உனக்குப் பிள்ளை இல்லை. அதற்கு அந்த ஊரில் உன்னை யார் என்ன சொன்னார்கள் என்று நீ ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் சீர் வருகிற அன்றைக்கு மட்டும் நீ தெருமுனைக்கே வந்து நிற்பாய். நான் கூடையோடு பின்னால் வர, நீ முன்னால் நடப்பாய். அந்த நடையே வேறு. எதிர் வீட்டு நல்லம்மா எட்டிப் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாய். எனக்கு அது தெரியும் அக்கா. தெரிந்தும்தான் போன வருசம் நான் வரவில்லை.

போன தையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் கிடைக்கவில்லை, லாரிக்காரன் நெருக்கினான், முட்டி வலி. இதெல்லாம் நான் உனக்குப் போனில் சொன்ன காரணம். முதல் பஸ் கண்டக்டரிடம் கூடையைக் கொடுத்துவிட்டு, ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கொள் என்று சொன்னேன். அன்றைக்கு மத்தியானம் நீ போன் செய்தாய்.

"சீர் வந்துச்சு. நீ வரல."

அடுத்த வருசம் கட்டாயம் வருகிறேன் என்றேன். ம் என்றாய். அவ்வளவுதான்.

ஆடியில் நீ போய்விட்டாய். பொறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு அன்றைக்கு நான் வந்தேன். பஸ்ஸுக்குக் கூட நிற்கவில்லை, பழைய காட்டு வழியிலேயே வந்தேன். அன்றைக்கு எந்த முட்டியும் வலிக்கவில்லை. அது எப்படி என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

கட்டிக்கொடுத்த பெண் என்பதால் எங்களுக்கு உன் தீட்டு மூன்று நாள்தான். மாமா வீட்டுக்கு ஒரு வருசம், பொங்கல் கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்த எனக்கு மூன்று நாள் போதும் என்று யார் கணக்குப் போட்டார்களோ.

மார்கழி பாதியில் நான் கூடையை எடுத்துத் தட்டி வைத்ததைப் பெரியப்பன் மகன் பார்த்துவிட்டான். பிள்ளை இருந்தாலாவது தாய்மாமன் சீர் என்று போகலாம், பெண் போனால் சீரும் போச்சு, இனி யாருக்கடா சுமக்கிறாய் என்றான். தீட்டு வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோனால் மாமா கதவைச் சாத்துவார் என்றும் சொன்னான். முறைப்படி அவன் பேச்சு சரிதான். எனக்கும் அதுதான் பயம். அவர் சாத்திவிட்டால் உன் ஊருக்குப் போக இனி எனக்கு வழி ஏது? ஆனால் போன வருசம் சுமக்காத அந்தக் கூடை தலையிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறதே, நான் என்ன செய்ய?

பொங்கலுக்கு முன்நாள் கிளம்பினேன். நேராகப் போகிற முதல் பஸ்ஸை விட்டுவிட்டதால் செம்மேட்டில் மாற வேண்டியிருந்தது, அங்கே துணிக்கடைக்குப் போனேன். கை தானாகச் சேலைக் கட்டுக்குப் போனது. பச்சையில் ஒன்றை உருவிக் கரையைக் கூடப் பார்த்துவிட்டேன். அப்புறம் வைத்துவிட்டு மாமாவுக்கு ஒரு வேட்டி துண்டு வாங்கினேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுசன்.

உன் ஊர் ஸ்டாப்பில் இறங்கினால் மேலே ஏற்றம் இருக்கிறதே, அதற்குக் கிழங்கு டெம்போ ஒன்று கிடைத்தது, ஏறிக்கொண்டேன். தெருமுனையில் இறங்கிக் கூடையைத் தலைக்கு ஏற்றும்போது நல்லம்மா பார்த்துவிட்டாள்.

"ஏனுங், போன வருசந்தான் விடியறதுக்குள்ள வந்துட்டு ஓடிட்டீங்க. இந்த வாட்டியாச்சும் ஒருவாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று சிரித்து வைத்துவிட்டு நடந்தேன்.

மாமா வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருக்கிறார் அக்கா. சட்டை அவருடையது மாதிரியே இல்லை. கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தீட்டு ஊட்டுக்குப் பொங்கச்சீரு கொண்டாந்த மொத ஆளு நீதான்டா மாப்ள."

திருப்பி எடுத்துப் போகவா என்று கேட்டேன். மாமா மொச்சைத் தோலை ஓரமாகத் தள்ளி, கூடை வைக்க இடம் பண்ணினார்.

பொங்கல் வைக்கக் கூடாது. அதனால் அந்த அரிசியை வெறும் சோறாக வடித்தார். மொச்சைக் குழம்பு. உப்பு அதிகம். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமல் சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில், போன வருசம் ஏன் வரவில்லை என்று கேட்டார். லாரி, ஆள், முட்டி என்று எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அந்தச் சோற்றுக்கு முன்னால் அது வரவில்லை.

"சலிப்பா இருந்துச்சு மாமா. வேற ஒண்ணுமில்ல."

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். அப்புறம்தான் சொன்னார். அன்றைக்கு இருட்டோடு எழுந்து நீ தனியாக ஸ்டாப்புக்கு இறங்கினாயாம். நான் வருகிறேன் என்று அவர் சொன்னதற்கு, இரண்டு பேர் போனால் நாய் குரைக்கும், தெரு முழித்துக்கொள்ளும், வேண்டாம் என்றாயாம். கண்டக்டரிடம் கூடையை வாங்கி, அந்த ஏற்றம் முழுக்க உன் தலையிலேயே வைத்து, ஊர் எழுந்திருப்பதற்குள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாயாம். விடிந்ததும் நல்லம்மா வீட்டுக்கு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்து, "எந்தம்பி மொத பஸ்ஸுல வந்து சீர வெச்சுட்டு அதே பஸ்ஸு திரும்பறப்ப ஏறிப் போயிட்டான், பாவம், வேலை" என்றாயாம்.

பொறந்த வீட்டுச் சீரை நீயே சுமந்தாயா அக்கா? அந்த முழங்காலோடா?

சாப்பாட்டை விட்டு எழுந்தேன். போய் நல்லம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையதுதானே என்றேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லிப்புடாத. அது அவ மானம். அவ கட்டி வெச்சுட்டுப் போனத நீ போயி அவுக்காத."

கிளம்பும்போது நல்லம்மா காப்பியோடு வந்துவிட்டாள். குடித்தேன். விடவில்லை அவள். போன வருசம் அப்படி என்ன தலைபோகிற வேலை, கூடப் பிறந்தவள் கையால் ஒருவாய் பொங்கல் சாப்பிட நேரமில்லையா என்று பிடித்துக்கொண்டாள். மாமா கதவடியில் நின்று என்னையே பார்த்தார். ஆயுசில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், நீதான் சாட்சி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இதையும் சொன்னேன்.

"ஆமாங்க, அந்த பஸ்ஸ உட்டா அப்பறம் மத்தியானந்தானுங்க. அக்காவும் போடா, வேலையப் பாருன்னு சொல்லிருச்சு. எனக்கு மொத பஸ்ஸுதான் தோது. வார வருசமும் அப்படித்தான்."

"அப்படீங்களா? அப்ப வார தைக்கு நானு வெள்ளென எந்திரிச்சு வாசல்லயே நின்னு உங்களப் புடிக்கிறேன், பாருங்க" என்று சிரித்தாள்.

திரும்பும்போது டெம்போ இல்லை. மாமா தெருமுனை வரைக்கும் வந்தார், வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வேட்டியை மட்டும் மடிப்புக் கலையாமல் அக்குளில் வைத்திருந்தார். நான் ஸ்டாப்புக்கு இறங்கினேன். வெறும் கை, இறக்கம், பகல் வெளிச்சம். இருந்தும் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். நீ ஏறும்போது எத்தனை இடத்தில் உட்கார்ந்தாய்? கூடையை இறக்கி வைத்தால் மறுபடி தூக்கிவிட ஆள் ஏது? அப்படியென்றால் உட்காரவே இல்லையா?

மகனுக்கு நான் சொன்ன பதிலை மாற்றிக்கொள்கிறேன். உட்காருவது அப்புறம் இருக்கட்டும். எனக்கு இந்த வருசத்துக்கு வேறு வேலை எதுவும் வேண்டாம், இந்த இரண்டு காலையும் வருகிற தை வரைக்கும் கெடாமல் வைத்திருப்பதுதான் வேலை. நல்லம்மா வாசலில் நிற்பாள். உன் பேச்சைப் பொய்யாக்க மாட்டேன். செம்மேட்டிலேயே முன்நாள் தங்கிக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன், இல்லை, கூடை வந்த அந்த முதல் பஸ் நம் ஊர் வழியாகத்தானே போகிறது, விடியாமல் எழுந்து அதிலேயே

இரு அக்கா, வெளியே பெரியப்பன் மகன் கத்துகிறான், நம் மாடு அவிழ்த்துக்கொண்டு அவனுடைய அவரைக்காய்த் தோட்டத்துக்குள் போய்விட்டதாம், பாவாயி நீ எழுதிக்கொண்டிரு, நான் போய் அதை

அண்ணி, அவர் மாட்டுக்குப் போய்விட்டார். வர நேரமாகும். இந்த இடத்தை நானே எழுதுகிறேன். வருகிற தைக்கு முதல் பஸ்ஸுக்கு அவரை நான் எழுப்பிவிடுகிறேன். கூடையைத் தலைக்குத் தூக்கிவிட நானும் கூட வருகிறேன்.

உங்கள் கூடப் பிறந்தவன் சின்னசாமிக்காக,
உங்கள் தம்பி பொண்டாட்டி பாவாயி,
குண்டூர் நாடு.