பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

22 செப்டம்பர் 2025, கருமத்தம்பட்டி

கம்ப்யூட்டர் போயே போய்விட்டது. மதர்போர்டு காலியாம். தறிக்காரர்களுக்காக நான் போட்ட பெட்ஷீட் டிசைன் அத்தனையும் அதற்குள்தான். வேறெங்கும் நகல் இல்லை. பொங்கல் சரக்குக்கு ஈரோட்டு வியாபாரி முகமது யூசுப் அண்ணன் பழைய மயில் டிசைனை மறுபடி கேட்டிருக்கிறார். அவரிடம் என்ன சொல்வேன்?

மாமியார் மாசாணியம்மாளுக்கு உள்ளூர சந்தோஷம்தான். அவினாசியில் ஒரு மில் ஆபீசில் எனக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார். "மாசம் பொறந்தா சம்பளம் கண்ணு, கரண்ட் போனாலும் வரும்" என்கிறார். டிசைன்கள் கிடைக்காவிட்டால் அங்கே போய்த்தான் உட்கார வேண்டும். எனக்கு இஷ்டமே இல்லை.

24 செப்டம்பர்

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹிபாவைப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறதாம். கழற்றி ஒரு கேஸில் போட்டால், பென் டிரைவ் மாதிரி எதில் வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாமாம்.

26 செப்டம்பர்

ஆன்லைனில் வரவழைத்த கேஸ் லேப்டாப் டிஸ்க்குக்கானது. என்னுடையது பெரிய டிஸ்க். எப்படி அமுக்கியும் நுழையவில்லை. என் கணவர் கதிர் சிரித்த சிரிப்புக்கு இரண்டு வேளை பேசவில்லை.

30 செப்டம்பர்

சரியான கேஸ், தனி அடாப்டரோடு. கதிரின் லேப்டாப்பில் செருகினேன். மயில் இருக்கிறது! எல்லாம் இருக்கிறது! அழுதுவிட்டேன். நகல் எடுப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், வீடு கழுவ வேண்டும்.

1 அக்டோபர்

ஆயுத பூஜை. தையல் மெஷின், மிக்ஸி, பைக், என் டிஸ்க் — எல்லாவற்றுக்கும் அத்தை பொட்டு வைத்துவிட்டார். பூஜையில் வைத்ததை இன்று தொடக் கூடாதாம். கை துறுதுறுக்கிறது.

2 அக்டோபர்

கேஸில் விளக்கு எரிகிறது, லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. திருப்பிப் பார்த்தால், கேபிள் செருகும் ஓட்டையில் சந்தனம். அத்தைக்கு அதுதான் முகமாகத் தெரிந்திருக்கிறது. நானும் பார்க்காமல் கேபிளைச் செருகி உள்ளே திணித்திருக்கிறேன். முந்தாநாளே நகல் எடுத்துத் தொலைச்சிருந்தா என்னவாம்? கோபத்தில் அத்தையிடம் கத்திப்போட்டேன். அவர் சாப்பிடவில்லை. நானும்தான்.

3 அக்டோபர்

ஹிபாவிடம் போக அத்தையும் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் டிஸ்க்கை மடியிலேயே வைத்திருந்தார். ஹிபா அதை வேறு கேஸில் மாட்டினாள். திறந்தது. "டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலீங்கம்மா, கேஸுக்குத்தான் வாய் அடைச்சுப்போச்சுங்க" என்றாள்.

இரண்டு இடத்தில் நகல் எடுத்தோம். அதுவரை அத்தை ஒவ்வொரு டிசைனாகக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தனையும் நீ போட்டதா கண்ணு?"

இத்தனை வருஷமும் நான் கம்ப்யூட்டரில் படம் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தாராம்!

9 அக்டோபர்

மயில் ஈரோடு போய்ச் சேர்ந்தது. யூசுப் அண்ணன் புதிதாக ஒரு மாங்காய் டிசைனும் கேட்கிறார்.

13 அக்டோபர்

மாங்காய்க்குக் கலர் பார்த்துக்கொண்டிருந்தேன். மில் ஆபீசிலிருந்து போன், அத்தை எடுத்தார். நான் எப்போது வந்து சேருவேன் என்று கேட்டிருக்கிறார்கள்.

"அவ வரமாட்டாளுங்க. அவளுக்கு ஊட்டுலயே வேல இருக்குதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு எனக்குக் காபி கொண்டுவந்து, லேப்டாப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, மேசையின் ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.