பொறுப்பு: வசந்தி

இந்தக் கொப்பியை எடுத்தவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து இந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். அம்மாவுக்குக் காட்ட வேண்டாம். ஆமிக்கும் காட்ட வேண்டாம், இருட்டில் வருகிறவர்களுக்கும் வேண்டாம். இதில் பெயர்களும் நேரங்களும் இருக்கின்றன. எல்லாம் ஒரு குழந்தை பிறப்பதற்காக மட்டும்தான். சத்தியமாக வேறொன்றும் இல்லை.

1989 ஒக்டோபர் 9, திங்கள்

பின்னேரம் இடியோடு மழை. பாடசாலை இன்றும் இல்லை. கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

இடம்: சாமான் அறை, அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால். குப்பி விளக்கு பால்மா டின்னுக்குள். ஏழு மணிக்குப் பிறகு எந்த வீட்டிலும் வெளிச்சம் தெரியக் கூடாது என்று பலாபத்வல பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். யார் ஒட்டியது என்று யாரும் கேட்பதில்லை.

அப்பா இன்று சார்ட் போட்டார். அவர் நாவுலயில் ஓவசியர், வாய்க்கால் வேலைகளுக்குப் பொறுப்பு. கந்தோரில் எப்படியோ வீட்டிலும் அப்படியே. போன தீபாவளிக்கு வெள்ளையடிக்க ஒரு சார்ட். தங்கச்சி மலரின் தலையில் பேன் எடுக்க ஒரு சார்ட். ஆனால் இது எல்லாவற்றிலும் பெரியது. அம்மாவைப் பிரசவத்துக்கு மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. ஐந்து மைல். ஊரடங்கில் எந்த வாகனமும் வராது. பிள்ளை இருபதாம் திகதியளவில் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தில் சிவப்புக் கோடு.

1. வலி வந்தால் நேரம் குறிப்பது. பொறுப்பு: வ. (நான்)
2. ஹனீபா மாமாவுக்குச் சொல்வது. பொறுப்பு: அப்பா.
3. வான் பின்பாதைக்கு வருவது. ஹ.
4. பை, கிளினிக் அட்டை. அப்பா.
5. பாதையில் ஆமி சென்ட்ரியில் அட்டையைக் காட்டிப் பேசுவது. அப்பா.
6. மலரை ஹனீபா மாமி வீட்டில் விடுவது. அப்பா.

2 முடியாமல் 3 இல்லை. அட்டை இல்லாமல் 5 இல்லை.

ஹனீபா மாமா வீடு எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம், மிளகுத் தோட்டத்தைக் கடந்து. மிளகு, கறாம்பு வியாபாரம். பழைய வான் ஒன்று இருக்கிறது.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே சார்ட்டைப் பார்த்தார். "நான் என்ன உங்க குளத்து மதகா, தேதி போட்டுத் திறக்க?"

அப்பா சிரிக்கவில்லை. "ஒரு வேலைக்குப் பக்கத்திலை ஒரு பெயர் இல்லையெண்டால் அது வேலையில்லை, ஆசை," என்றார். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து பதினாறு வருடம், பேச்சு மட்டும் மாறவில்லை.

கதவு விதி: அப்பா முன்கதவு. ஹனீபா மாமா பின்கதவு. இருவருக்கும் ஒரே தட்டு: இரண்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று. வேறு எப்படித் தட்டினாலும் திறக்கக் கூடாது. மூச்சும் விடக் கூடாது.

மலர் கேட்டாள், "தும்மல் வந்தா?"

10, செவ்வாய்

காலையில் வெயில். ஒத்திகை.

அப்பா கையில் கந்தோர் மணிக்கூடு. எங்கள் பின்கதவிலிருந்து ஹனீபா மாமா கதவு வரை நான்கு நிமிடம் என்று சார்ட்டில் இருந்தது. அப்பா ஓடினார். பக்கத்து வீட்டு நாய் துரத்தியது. வேலியில் சாரம் மாட்டிக்கொண்டது. பதினொரு நிமிடம். அம்மா வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கன நாளுக்குப் பிறகு.

ஹனீபா மாமா மிளகு காயப்போட்ட இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓவசியர் ஐயா, அந்தப் புள்ள ஒங்க சார்ட்டப் பாத்துட்டா வரப் போகுது?"

"வராது. அதுக்குத்தான் சார்ட்."

நான் நான்கை அழிறப்பரால் அழிக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்தார். "அழிக்காதை பிள்ளை. குறுக்கை கோடு போட்டு, பக்கத்திலை எழுது. எங்கை பிழைச்சதெண்டு பிறகு தெரிய வேணும்."

~~4~~ 11.

துணி காயவில்லை. மலருக்குப் பல் ஆடுகிறது.

12, வியாழன்

விடியக் கதவுக்குக் கீழே ஒரு காகிதம். சிங்களத்தில், அழகான கையெழுத்து. பாடசாலைப் பிள்ளை எழுதியது போல. அம்மாதான் வாசித்தார். அரசாங்க வேலைக்கு இனிமேல் போகக் கூடாது. போனால் என்ன நடக்கும் என்று கடைசி வரி. அதை அம்மா சத்தமாக வாசிக்கவில்லை.

பத்து மணிக்கு ஆமி ஜீப், ஒலிபெருக்கி. வேலைக்குப் போகாத உத்தியோகத்தர்களை, காகிதம் ஒட்டுகிற கிளர்ச்சிக்காரர்களின் ஆட்கள் என்றே எடுத்துக்கொள்வோம்.

அப்பா அந்தக் காகிதத்தை நான்காக மடித்துக் கோப்பில் வைத்தார். நீலக் கோப்பு. அதற்குள் எல்லாம் இருக்கிறது. கிளினிக் அட்டை, அம்மாவின் இரத்தப் பரிசோதனை, அடையாள அட்டைப் பிரதி. "எல்லாம் ஒரே இடத்திலை. அந்தரம் அவசரத்திலை தேடி ஓடத் தேவையில்லை."

பிறகு குசினியில் பேச்சு. நான் கதவுக்குப் பின்னால்.

"போகாட்டி ஆமி வந்து கேக்கும்."

"போனா அவங்க வந்து கேப்பாங்க."

"எட்டு நாள் கையிலை கிடக்கு. நாளைக்குப் போய்க் கையெழுத்து வைச்சிட்டு, பின்னேரம் வந்திடுவன்."

"எட்டு நாளும் உங்க கையிலயா இருக்கு? என் வயித்துல இருக்கு."

இரவுச் சாப்பாடு கருவாட்டுக் குழம்பு. யாரும் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்ளவில்லை.

13, வெள்ளி

ஆறரை பஸ்ஸில் அப்பா நாவுலவுக்குப் போனார். வெள்ளைச் சட்டை, கறுப்புச் செருப்பு, தோல் பை.

பின்னேரம் நான்கு: வரவில்லை.
ஐந்தரை: வரவில்லை.
ஆறு: ஊரடங்கு.

ஹனீபா மாமா பின்வேலியில் வந்து நின்றார். நாவுலப் பக்கம் ஒரு பஸ்ஸை நிறுத்தி எரித்துவிட்டார்களாம். ஆட்களை இறக்கிவிட்டுத்தான் எரித்தார்களாம். எல்லாரையும் இறக்கினார்களா என்று அம்மா கேட்டார். "அல்லாஹ் இருக்கான், தங்கச்சி," என்றார் மாமா. அது பதில் இல்லை.

அப்பா வராததற்குக் காரணங்கள்:
பஸ் இல்லை.
ஊரடங்கு. கந்தோரிலேயே தங்கிவிட்டார்.
மழை.
நான்காவது எழுத மாட்டேன்.

சார்ட் குசினிக் கதவின் பின்னால் தொங்குகிறது. இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஆறு வேலையில் நான்குக்கு அப்பா பெயர். ஒரு ஆள் இல்லாவிட்டால் யார் என்று ஒரு இடத்திலும் இல்லை. வாய்க்கால் வேலைக்கு அப்படி விடுவாரா? மேசன் வராவிட்டால் யார், சீமெந்து வராவிட்டால் எப்போது, எல்லாம் எழுதுவார். தான் வராமல் போவதை மட்டும் யோசிக்கவில்லை.

பென்சிலை எடுத்தேன். அழிக்கவில்லை. அழித்தால் ஆளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். குறுக்கே கோடும் போட முடியவில்லை. இந்தக் கொப்பியில் இருக்கிற ஒவ்வொரு "அப்பா"வுக்கும் பக்கத்தில் சின்னதாக "வ" என்று எழுதினேன்.

வேலை 4 இலிருந்து தொடங்கினேன். பை அலுமாரிக்குக் கீழே இருக்கிறது. துணி, பழஞ்சீலை, சவர்க்காரம், எல்லாம் சரி. அட்டை நீலக் கோப்பில். கோப்பு அலுமாரி லாச்சியில் இல்லை. மேசையில் இல்லை. கட்டிலுக்குக் கீழும் இல்லை.

காலையில் அப்பா சாப்பாட்டுப் பார்சலைத் தோல் பைக்குள் வைத்தது ஞாபகம் வந்தது. அதற்கு முன்பே உள்ளே ஏதோ நீலமாக இருந்தது. கோப்பைத் தூக்குவது அவருக்குக் கைப்பழக்கம்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

14, சனி

பத்து முதல் பன்னிரண்டு வரை ஊரடங்கு தளர்வு. சிறு தூறல்.

அம்மாவிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு, "அந்த மனுசன் ஒழுங்கா இருந்தே என்னைக் கொல்லப் போறாரு," என்றார். பிறகு அழுதார். பிறகு, "மிஸ்ஸிகிட்ட ஓடு," என்றார்.

மிஸ்ஸி என்றால் மிட்வைஃப். சிங்களவர். பெரிய பாதையில், பாலத்துக்கு அப்பால் வீடு. வேறு அட்டை தருவார், இல்லாவிட்டால் கடிதமாவது தருவார்.

பாலத்தடியில் ஆட்கள் நின்றார்கள். கீழே எதையோ பார்த்தார்கள். நான் குடையைச் சரித்துக்கொண்டு நடந்தேன். பார்க்கவில்லை. ஆனால் பாதையோரத்தில் ஒரு செருப்புக் கிடந்தது. மண்ணிறம். அப்பாவுடையது கறுப்பு. மிஸ்ஸி வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனேன். கறுப்பு. கறுப்பு.

மிஸ்ஸி பாதிக் கதவுதான் திறந்தார். உள்ளேயிருந்து அவருடைய புருஷன் சிங்களத்தில், "சீக்கிரம் அனுப்பு" என்றார். ராத்திரியில் வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நின்றுகொண்டே கடிதம் எழுதி முத்திரை குத்தினார். தமிழ் கொஞ்சம் தெரியும்; மகள் என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்வார். "துவ, தண்ணி போனா நேரம் பாக்காதே. போ. அவ்வளவுதான்."

கடிதம் இப்போது என் சட்டைக்குள், ஊசி குத்தி வைத்திருக்கிறேன். கோப்பில் இல்லை. ஆளில் இருக்கிறது.

திரும்பி வந்தபோது குசினியில் புகை. அம்மா சார்ட்டை அடுப்பில் வைத்திருந்தார். மேல் வீதியில் ஆமி வீடு வீடாகத் தேடுகிறதாம். "பேரும் நேரமும் அம்புக்குறியும். யாருக்குச் சொல்லி நம்ப வைப்ப? புள்ள பெறப் போட்ட சார்ட்டுன்னு?"

சிவப்புக் கோடு எரியும்போது கறுப்பாகத்தான் எரிந்தது.

இந்தக் கொப்பி பற்றி அம்மாவுக்குத் தெரியாது. சார்ட் இனி இதில் மட்டும்தான்.

15, ஞாயிறு

மழை விடவில்லை. அப்பா போய் மூன்றாம் நாள். மலருக்குப் பல் விழுந்தது. அப்பா வந்தால்தான் கூரையில் எறிவாளாம். தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

6.40. அம்மா தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கேட்டேன். "ஒண்ணுமில்ல, வாயு."

6.56. வாயு இல்லை.

7.10. பதினான்கு நிமிடம். இருபதாம் திகதி இல்லை, இன்றுதான். விளக்கை டின்னுக்குள் வைத்து அம்மாவின் கட்டிலடிக்குக் கொண்டுவந்தேன். கொப்பியைப் பார்த்துவிட்டார். "இதுவும் இருந்துச்சா," என்றார். பறிக்கவில்லை. வேலை 1 என்னுடையது.

7.22. பன்னிரண்டு.

7.32. பத்து. இனி 2.

7.46. போய்விட்டு வந்தேன். மலரையும் கையோடு கூட்டிப்போய் மாமியிடம் விட்டேன். 6 ஐக் கடைசி என்று அப்பா போட்டிருந்தார். 2 உடன் சேர்த்தே முடியும். ஒரு நடை மிச்சம். போக ஐந்து நிமிடம், நாய் இருந்தும். ~~11~~ 5. அப்பாவுக்குச் சொல்ல வேண்டும்.

நான் இல்லாதபோது ஒரு வலி வந்து போய்விட்டது. நேரம் தெரியாது. அந்த இடம் வெற்று.

ஹனீபா மாமா சொன்னது: "ரோந்து ஜீப் மேல போயிருக்கு, இன்னும் திரும்பல்ல. அது போனதும் லைட் போடாம வாரேன். பின்கதவு. ரெண்டு, பொறகு ஒண்டு. நீ பயந்துடாத மகள்." பயந்தது நான் மட்டும் இல்லை. வான் சாவியைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது.

7.51. ஒன்பதோ எட்டோ.

7.58. ஏழு.

8.04. ஆறு. ஜீப் சத்தம் இன்னும் இல்லை. அம்மா தலையணையைக் கடிக்கிறார். சத்தம் வெளியே போகக் கூடாதாம்.

8.09. "வசந்தி, உங்கப்பா பேருக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்க?" காட்டினேன். "வ". பார்த்துக்கொண்டே இருந்தார். "பதினாலு வயசுல இவ்வளவு பொறுப்பு ஒரு ஆளுக்குப் போட்டா, அது சரியான சார்ட் இல்ல," என்றார்.

8.14. பனிக்குடம் உடைந்து தண்ணீர் போய்விட்டது. நேரம் பாக்காதே, போ. எப்படிப் போவது.

8.18. ஜீப். பெரிய பாதையில். மாத்தளைப் பக்கம் இறங்குகிறது. விளக்கின் மேல் கையை வைத்தேன். போய்விட்டது. இனி மாமா வருவார். பை பின்கதவருகே. கடிதம் சட்டைக்குள். 4 சரி. 5, சென்ட்ரியில் என்ன பேசுவது என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். குரல் வரவில்லை. இன்னொரு தரம். வந்தது.

8.21. "அந்த மணிக்கூட்ட வச்சிட்டு என் கையப் புடி." ஒரு கை அம்மாவிடம். மறு கையால் எழுதுகிறேன்.

8.23. வான் சத்தம் இல்லை.

8.24. நாய் குரைக்கிறது. அது யாரைப் பார்த்தாலும் குரைக்கும். அப்பாவைப் பார்த்தாலும்.

முன்பக்கம்.

ஹனீபா மாமா பின்பக்கம்தான் வருவார்.

படலை திறக்கிற சத்தம். ஒரு ஆளா, கூடவா, மழையில் தெரியவில்லை. அம்மா மூச்சை அடக்கிக்கொண்டார்.

8.25. முன்கதவில் தட்டு.

ஒன்று.

இரண்டு.